ஒரு பிள்ளை, நாலு ஃபைல்

தேனி மாவட்டம் போடியில் விடியலுக்கு முன்னால் கேட்பது ஜீப் சத்தம். நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் மலைக்குப் போகிற ஜீப்புகள் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். தலைத்துண்டு, தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ளப் பிளாஸ்டிக் தாள் என்று எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். அதே ஜீப்பில் திரும்பி வீடு சேரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆடி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் தை வரைக்கும் இந்த ஓட்டம்தான்.

இந்த நேரக்கணக்கு தெரியாமல் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ யாரும் பேச முடியாது. நாலு மணிக்கு எழுந்து ஓடுகிற அம்மா, பத்து ரூபாயைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் காலைச் சாப்பாடு. உடற்கல்வி ஆசிரியையாக நான் வேலை பார்த்த காலம் முழுக்க மனுக் கொடுத்ததும், கூட்டத்தில் எழுந்து பேசியதும், மனம் கசந்து சண்டை போட்டதும் இந்தப் பத்து ரூபாயைச் சுற்றித்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. விடவும் முடியாது.

மற்ற ஆசிரியர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கிறார்கள். நான் ஓடும்போதும் குதிக்கும்போதும் பார்த்தவள். பிரேயரில் எந்தப் பிள்ளை காலை மாற்றி மாற்றி வைக்கிறது, யாருக்கு உதடு வெளுத்திருக்கிறது, முதல் சுற்று முடிவதற்குள் யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது என்பதெல்லாம் பி.டி. டீச்சருக்குத் தானாகவே கண்ணில் படும். ஒரு கட்டத்தில் இதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். பழைய சோறும் நேற்று வைத்த குழம்பும் என்று சொன்ன பிள்ளைகள் தெம்பாகவே இருந்தார்கள். கட்டஞ்சாயாவும் வர்க்கியும் என்ற பதில் நிறைய வரும். கடையில் விற்கிற நொறுக்குத்தீனிப் பாக்கெட் என்ற பதில் அதைவிட நிறைய. ஒன்றுமே சாப்பிடாமல் வந்துவிட்டு அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, “சாப்பிட்டேன் டீச்சர்” என்று தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குறி போட்டு வைத்தேன். காய் எடுப்பு மாதங்களில் அந்தக் குறிகள் பக்கம் பக்கமாகப் பெருகும். பெண் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இன்னும் அதிகம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குப் போனபோதுதான் இந்த வேலையின் அசல் கஷ்டம் என்னவென்று புரிந்தது. சத்துணவைப் பற்றிப் பேசினால் அது சமூக நலத் துறை என்பார்கள். பி.டி. பீரியடைப் பற்றிக் கேட்டால் அது பள்ளிக் கல்வித் துறை. வாசல் கடையில் விற்கிற பாக்கெட்டுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். மைதானத்துக்கும் கழிப்பறைக்கு வருகிற தண்ணீருக்கும் ஊராட்சி. ஒரே பிள்ளையின் ஒரே உடம்பு நாலு ஃபைலாகப் பிரிந்து நாலு மேஜையில் கிடக்கிறது. ஒரு மேஜைக்காரர் அடுத்த மேஜைக்காரரோடு பேசிக்கொள்வதே இல்லை.

வரலாற்றிலும் இந்தப் பிரிவினை பழையது. 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பி.தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்று முடிவானது. அதே 1920இல் அதே சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். என் தொழிலுக்கு இந்தியாவில் அதுதான் தாய்வீடு. பள்ளிப் பிள்ளைக்குச் சோறும் பள்ளிப் பிள்ளைக்கு விளையாட்டும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில் பிறந்திருக்கின்றன. நூறு வருடம் ஆன பிறகும் இரண்டும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசவில்லையே என்பது என் ஆற்றாமை.

சாப்பாட்டுப் பக்கத்தை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய அந்த வருடமே என் அம்மா சமையல் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. விதவைகளையும் ஆதரவற்ற பெண்களையும் தேடி அந்த வேலை கொடுத்தார்கள். புகை மண்டிய கொட்டகையில் விறகை ஊதி ஊதி அம்மாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். அந்தத் தட்டில் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் அது வாரத்துக்கு ஒன்று ஆனது. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நடக்கிற ஐந்து நாளும் முட்டை. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை சுண்டலோ பாசிப்பயறோ, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. இதில் எதுவும் தானாக வந்துவிடவில்லை. கேட்டார்கள், போராடினார்கள், ஓட்டுக்கு நிற்கிறவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், வந்தது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த முட்டையிலிருந்து வந்ததுதான்.

ஆனாலும் மதியச் சாப்பாடு வருவதற்குள் பிள்ளைக்கு அரை நாள் போய்விடுகிறது. அந்த ஓட்டையை அடைத்தது காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கினார். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பின்னால் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடக் காய்கறி போட்ட சாம்பார். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியை யோசித்தவருக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். தன் பிள்ளை திங்கப்போகிற சோற்றை எந்தத் தாயும் அசட்டையாக ஆக்கமாட்டாள். எங்கள் ஊரில் அப்படிச் சமைக்க வந்த சிலர் அதுவரை ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர்கள். அதே விடியற்காலையில் எழுந்து, மலை ஏறுவதற்குப் பதில் பள்ளிக்கு வந்தார்கள்.

நான் வேலை பார்த்தது ஆறு முதல் பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. ஒரே சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காலை எட்டேகாலுக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்கும். ரவையைத் தாளிக்கும் வாசனை இந்தப் பக்கம் வரும். ஆறாம் வகுப்பு அக்கா இரண்டாம் வகுப்புத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அங்கே உட்கார வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நிற்பாள். பிறகு எங்கள் கேட்டுக்கு வருவாள். ஏப்ரல் மாதம் வரை அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்தான். ஐந்தாம் வகுப்பு முடிந்து ஜூனில் ஆறாம் வகுப்பு வந்ததும் அவளுக்கு மட்டும் சாப்பாடு நின்றுபோனது. பசி நிற்கவில்லை. வளர்கிற வயது அதுதான். வயதுக்கு வரப்போகிற பெண் பிள்ளைக்கு இரும்புச்சத்தும் புரதமும் மற்ற எந்த வயதையும்விட அப்போதுதான் தேவை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லியது. வியாழக்கிழமைதோறும் நாங்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் மதியம் சாப்பிட்ட பிறகே போடச் சொல்வேன். வயிற்றில் சோறில்லாத பிள்ளைக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன செய்ய?

இதை நான் கேட்கும்போதெல்லாம், ஐந்தாம் வகுப்பு வரைதான் திட்டம் என்று முடித்துவிடுவார்கள். அதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. சத்துணவே 1982இல் சின்னப் பிள்ளைகளோடு நின்றிருந்தது. 1984 செப்டம்பரில் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். என் அம்மாவின் அடுப்பில் அதற்காகப் பெரிய குண்டா ஏறியது. இரண்டே வருடத்தில் அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

இனி வாசல் கடைக்கு வருகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்று தனி ஒழுங்குமுறையை வெளியிட்டது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. உதய் ஃபவுண்டேஷன் என்ற தில்லி அமைப்பு 2010இல் உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கிலிருந்து கிளைத்த விதி இது. புகையிலைக்கு நூறு கெசம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதை ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். இந்த 50 மீட்டரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

தடகளத் தடம் போடுவதற்கு எங்களிடம் 50 மீட்டர் டேப் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார் இருவரை அழைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து டேப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தேன். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியை எடுத்துவந்து ரோட்டோரம் ஒரு கோடும் போட்டோம். பெட்டிக்கடைகள் மூன்று கோட்டுக்கு உள்ளே வந்தன. பேக்கரி கோட்டைத் தாண்டிச் சற்றுத் தள்ளி. ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். கடைக்காரர் ஒருவர் கோபத்தில் பேச ஆரம்பித்தவர், பேசப் பேச நியாயத்தைச் சொன்னார்:

“டீச்சரம்மா, பாக்கெட்டுன்னா வண்டிக்காரன் கடனுக்குத் தொங்க விட்டுட்டுப் போறான். வித்தாக் காசு, விக்கலேன்னாத் திருப்பி எடுத்துக்கிறான். கொய்யாப்பழத்த எவன் திருப்பி எடுப்பான், சொல்லுங்க?”

அந்தக் கேள்வியைத் தாண்டாமல் எந்தச் சட்டமும் எங்கள் வாசலில் நடக்காது என்று அப்போதே எனக்குப் பட்டது. பாக்கெட் விற்பனையில் நட்டம் என்ற பேச்சே இல்லாதபடி கம்பெனி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பழத்துக்கும் சுண்டலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கடைக்காரரைக் கெட்டவராக்கி ஒரு போர்டு மாட்டிவிட்டு வந்துவிடலாம். மறுவாரம் பாக்கெட் சாக்குக்கு அடியில் போய்விடும்.

அதனால் அந்தப் பாதுகாப்பை நாங்கள் கொடுக்கப் பார்த்தோம். தேனி மாவட்டம் வாழை விளைகிற மாவட்டம். சின்னமனூர், கம்பம் பக்கமிருந்து லாரி லாரியாக வெளியூர் போகிற பழம் எங்கள் பள்ளி வாசலில் மட்டும் இல்லை. தார் விலைக்கு எடுத்துவர ஒரு குழுத் தாயின் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். சீசனுக்குக் கொய்யா, மலைநெல்லி, மாங்காய்க் கீற்று; மற்ற நாளில் அவித்த கடலை, மொச்சை, தட்டாம்பயறுச் சுண்டல். சாயங்காலம் மிஞ்சுவதை ஆசிரியர் அறையில் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னோம். பிள்ளைகள் அம்மாச்சி என்று கூப்பிடும் வயதான கடைக்காரம்மாதான் முதலில் சரியென்றார். “நான் அந்தக் காலத்துல வித்ததே இதத்தானே தாயி” என்றார். ஒன்றிரண்டு மாதத்தில் மிச்சம் குறைந்துவிட்டது. இன்னொரு கடைக்காரர் பாக்கெட் சரங்களைக் கழற்றி உள்ளே வைத்தார். கேட்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்றும் தெரியும். மூன்றாமவர் மாறவே இல்லை. பேக்கரி அது பாட்டுக்கு நடக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை 50 மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடிவிடும். கோடு மட்டும் காப்பாற்றிவிடும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. கோட்டுக்கு உள்ளே வயிறு நிறைந்தால் கோட்டுக்கு வெளியே ஓடுகிற கால் குறையும். அவ்வளவுதான் என் கணக்கு.

இந்த ஒழுங்குமுறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை எவ்வளவு இருந்தால் அதிகம் என்பதற்கு எண் சொல்லவில்லை. வாசலில் நிற்கும் பி.டி. டீச்சர் பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து யாரிடம் வாதாட முடியும்? சிலியில் 2016இலிருந்து இப்படிப்பட்ட பண்டங்களின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. முத்திரை உள்ளதைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும். மெக்சிகோ 2025 மார்ச் மாதக் கடைசியில் பள்ளிகளுக்குள் இவற்றைத் தடை செய்தது. இங்கே பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்ததும் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உடனே தடை போட்டது. அந்த வேகத்தை நான் மெச்சுகிறேன். சைக்கிளில் பஞ்சு மிட்டாய் விற்ற ஏழையிடம் காட்டிய அதே வேகத்தைப் பெரிய பாக்கெட் கம்பெனிகளிடமும் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

கம்பெனி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை குறுவட்டப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பனியன் எடுத்துத் தருவதாக ஒரு பானக் கம்பெனியின் ஆள் வந்தார். நெஞ்சில் அவர்கள் சின்னம் இருக்கும், போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு சாஷே இலவசம். எங்கள் பிள்ளைகள் கிழிந்த பனியனில் ஓடுகிறவர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வலித்தது. ஆனாலும் சொன்னேன். சத்துப் பானம் என்று இவர்கள் விற்பதில் சர்க்கரை எவ்வளவு என்பதை நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, அதே பெயரை அவர்கள் நெஞ்சில் எப்படி மாட்டுவேன்? 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இப்படிப்பட்ட பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது. அந்த வருடப் பனியனுக்கு ஏலக்காய்க் கடைக்காரர்கள் இரண்டு பேர் பணம் கொடுத்தார்கள். ஓடப்போகிற பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் பொட்டலத்துக்குப் பதில் அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொண்டுபோனோம். பக்கத்துப் பள்ளி பி.டி. சார்களும் அடுத்த போட்டிக்கு அதையே செய்தார்கள்.

பி.டி. பீரியடு கதை தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். வாரத்துக்கு இரண்டு என்று டைம் டேபிளில் இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு வாத்தியார் ஒன்றை வாங்குவார், அறிவியல் டீச்சர் இன்னொன்றை வாங்குவார். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று எனக்குக் கைதட்டல். மறுவாரமே ஒரு பீரியடு போயிற்று. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பீரியடை முழுதாகக் கொடுத்தாலும் அதன் பக்கத்தில்கூட வராது.

சாப்பாட்டு ஃபைலும் விளையாட்டு ஃபைலும் ஒன்றையொன்று எப்படிக் கட்டிப்போடுகின்றன என்பதை நான் இந்த டைம் டேபிளில்தான் தெளிவாகப் பார்த்தேன். முதல் பீரியடில் வெயில் இருக்காது. ஓட்டத்துக்கு அதுதான் தோது. ஆனால் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முதல் பீரியடில் ஓடவிட முடியாது. மதியம் சத்துணவு சாப்பிட்ட பிறகு தெம்பு இருக்கும். அப்போது போடி வெயிலில் மைதானம் கொதிக்கும். ஆனி, ஆடியில் கண்ணைத் திறக்கவிடாத காற்று. ஆக, காலைச் சாப்பாடு இல்லாததால் காலை விளையாட்டும் இல்லாமல் போகிறது. ஒரு துறை கொடுக்காத உப்புமாவுக்கு இன்னொரு துறையின் பீரியடு பலியாகிறது. இதை ஒரு கூட்டத்தில் விளக்கிச் சொன்னபோது கணக்கு வாத்தியாரே எழுந்து, “டீச்சர் சொல்றது சரி. பசியோட இருக்கிறவனுக்கு என் பீரியடும் வீண்தான்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பீரியடு வாங்கியதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் மைதானத்தின் ஓரமாக உட்கார ஆரம்பிப்பார்கள். வெட்கம் என்று சொல்லிவிடுவார்கள். கிட்டே உட்கார்ந்து கேட்டால், கழிப்பறையில் தண்ணீர் வராது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, தண்ணீர் குடிக்காததால் ஓடினால் தலை சுற்றுகிறது என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். கேரளத்தில் 2019இலேயே பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கத் தொடங்கினார்கள். பூப்பாறைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்து படித்துத் திரும்பிவந்த பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2025இல் வாட்டர் பெல் வந்தது. நல்ல ஏற்பாடு. மணி அடித்ததும் குடிக்கிற தண்ணீருக்குக் கழிப்பறைக் குழாயிலும் தண்ணீர் வர வேண்டும். ஊராட்சியில் கேட்டுக் கேட்டு ஒரு சின்டெக்ஸ் தொட்டி வாங்கினோம். அந்தத் தொட்டி ஏறின வருடம் எங்கள் கோ-கோ அணிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அதை நான் விளையாட்டுச் சாதனையாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

மலை மேலே நிலைமை வேறு. போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். கீழே வெயில் காயும்போது அங்கே மூடுபனி. குரங்கணி, கொட்டகுடிப் பக்கமும் முந்தலுக்கு மேலே உள்ள குடியிருப்புகளிலும் தொடக்கப் பள்ளி என்றால் இரண்டு ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் கிடையாது. சமதரையும் கிடையாது, இருக்கிற சமதரையில் மிளகோ காப்பிக்கொட்டையோ காயும். பளியர், முதுவர் வீட்டுப் பிள்ளைகள் சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவார்கள். ஒரு அதிகாரி என்னிடம், “தினமும் மலை ஏறி இறங்குற பிள்ளைக்கு எதுக்கும்மா விளையாட்டு?” என்று கேட்டார். விறகும் தண்ணீரும் சுமந்து ஏறுவது வேலை. விளையாட்டு என்பது பிள்ளை தானாகச் சிரித்துக்கொண்டு, இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து, ஜெயிக்கவும் தோற்கவும் பழகுகிற இடம். அதை எந்தச் சுமையும் கொடுக்காது. உண்டு உறைவிடப் பள்ளிக்கு இறங்கிவிட்டால் அந்த ஏற்றமும் நின்றுபோகிறது. மேலே போகும்போதெல்லாம் அங்குள்ள ஆசிரியர்களுக்குச் சரிவில் ஆடக்கூடியதைச் சொல்லிக்கொடுத்தேன். கயிறு தாண்டல், நொண்டி, பச்சைக்குதிரை, சிலம்பத்தில் காலடி வைப்பு. கயிற்றுக்கு மட்டும் காசு வேண்டும்.

இதையெல்லாம் ஓரிடத்தில் வைத்துப் பேச ஒரு மேஜை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசி பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களுக்குப் புது உயிர் கொடுத்தார்கள். மாதாமாதம் கூடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் போட்டால் எங்கள் ஊரில் யார் வருவார்கள்? உறுப்பினரான தாய் அந்நேரம் சாந்தன்பாறையில் சரிவில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள். கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று நான் கேட்டேன். ஞாயிறு ஆசிரியர்களுக்கு லீவு என்று முணுமுணுப்பு வந்தது. தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தாய் சொன்னதை நான் மறக்கமாட்டேன்:

“பாக்கெட்டு கெடுதின்னு எங்களுக்கும் தெரியும் டீச்சர். நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கி வச்சாலும் எட்டு மணிக்கு ஆறிப்போன சோத்தப் பிள்ளை திங்க மாட்டேங்குது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல குடுக்கிற மாதிரி இங்கயும் குடுத்தா, அந்தப் பத்து ரூவாய நாங்க ஏன் குடுக்கப்போறோம்?”

அங்கிருந்துதான் தீர்மானம் பிறந்தது. ஆறு முதல் பத்து வரைக்கும் காலை உணவு. அது கிடைத்தால் முதல் பீரியடில் நாளுக்கொரு வகுப்பாக மைதானத்துக்கு. கழிப்பறைக்கு நாள் முழுக்கத் தண்ணீர். வாசலில் 50 மீட்டர் போர்டும், பழம் விற்கிற கடைக்காரருக்குச் சுயஉதவிக் குழு வழியாகச் சின்னக் கடனும். கிராம சபையிலும் அதையே வைத்தோம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் அக்டோபர் 2 அன்று கூலியை விட்டுவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1984இல் சத்துணவு நீண்ட கதையை ஒரு தாய் என்னைவிட நன்றாகச் சொன்னாள். அவளுக்கு அதை அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

துறைக்கு ஒன்றாக நாலு மனு எழுதுகிற பழைய வழக்கத்தை இந்த முறை விட்டுவிட்டோம். ஒரே மனு, ஒரே தாளில் எல்லாக் கோரிக்கையும். சமூக நலத் துறைக்கும், பள்ளிக் கல்விக்கும், உணவுப் பாதுகாப்புக்கும், ஊராட்சிக்கும் அதே நகல். யார் யாருக்கு நகல் போயிருக்கிறது என்று ஒவ்வொரு நகலிலும் கீழே எழுதினோம். கூடவே என் நோட்டிலிருந்து பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு, வகுப்பும் மாதமும் மட்டும் போட்ட அட்டவணை. ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்து தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தார். காலை உணவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. எழுதிய கடிதத்தின் நகலை வாங்குவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதல் வேலை.